ஐம்பத்தெட்டு சதவீதம்

மைனாட் நகரத்துத் தானியக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவள் மார்லிஸ் ட்வெட். தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சரிபார்க்காமல் ஒரு நாள்கூட முதல் லாரியை ஏறவிட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பேட்டரியை நம்பிக் கெட்டாள்.

அவள் கணவன் ஓர்விலுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்பெட்டியை எடுப்பதற்கு முன், மூன்று வாரம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்தான். அதன் பிறகு, மடிக்கணினியில் அவன் தட்டுவதை அது அவன் குரலிலேயே பேசியது. சற்றுத் தட்டையாக, மூக்கடைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் அவன் குரல்தான்.

நவம்பரில் மடிக்கணினியின் பழைய பேட்டரி உப்பிப் போயிற்று. இணையத்தில் வாங்கிய மாற்று பேட்டரி முதல் நாளிலிருந்தே தகராறு. அறுபது காட்டும், சட்டென்று நாலுக்கு இறங்கி அணைந்துவிடும். மார்லிஸ் தேடித்தேடிப் படித்தாள். நூறு வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு இடையில் நிறுத்தாமல் மறுபடி நூறு வரை ஏற்ற வேண்டுமாம். அப்போது உள்ளே மிச்சத்தை அளக்கும் சில்லு, அதாவது சிப், தன் கணக்கைத் திருத்திக்கொள்ளுமாம். மூன்று முறை செய்தாள். அரை மணிக்கொரு தரம் சதவீதத்தை எழுதி வைத்தாள். மூன்றாவது முறை எண்கள் ஒழுங்காக இறங்கின. ஆனால் கணினி தந்த அறிக்கையில், பேட்டரியின் முழுக் கொள்ளளவு மட்டும் மூன்று முறையும் இம்மி நகரவில்லை. அது அவளுக்கு உறுத்தியது. அதைத் துருவிப் பார்ப்பதற்குள் பிஸ்மார்க் நகரத்திலிருந்து போன் வந்துவிட்டது.

ஓர்விலின் அண்ணன் ஆர்லன் அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சாகக் கிடந்தான். அண்ணன் தம்பிக்குள் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் ஆர்லன் ஒருத்தனே பார்த்தான். ஓர்வில் அடக்கத்துக்குத்தான் வந்தான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை அனுப்பி உறவை ஒட்ட வைத்துக்கொண்டிருந்தவள் மார்லிஸ்தான்.

கிளம்பும்போது சார்ஜரை எடுக்கவா என்று ஓர்வில் கையால் கேட்டான். வேண்டாம், நானே சரிபார்த்துவிட்டேன் என்றாள். குளிர் படாமல் கணினியைத் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தாள்.

சர்க்கரை நோயில் ஆர்லனுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. கணினியிலிருந்து தம்பியின் குரல் கேட்டதும் முகத்தைத் திருப்பினான்.

"குரல் போனப்புறந்தான் உனக்குப் பேச்சே வந்துச்சாடா?"

ஓர்விலின் தோள் குலுங்கியது; அவனுக்கு இப்போது சிரிப்பு அப்படித்தான். கொஞ்ச நேரம் பனியைப் பற்றியும் பழைய டிராக்டரைப் பற்றியும் பேசினார்கள். பிறகு ஓர்வில் நிதானமாகத் தட்டினான். "ஆர்லன், அப்பா விஷயத்துல நான்" என்றது கணினி. திரை இருண்டது. கடைசியாக மார்லிஸ் பார்த்த எண் ஐம்பத்தெட்டு.

அவள் பித்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் யாரிடமும் பொருந்துகிற சார்ஜர் இல்லை. ஆர்லனின் சாப்பாட்டுத் தட்டோடு வந்த சீட்டின் பின்பக்கத்தில் ஓர்வில் எழுதி அவளிடம் நீட்டினான். அவள் வாசித்தாள்: "அப்பாவை அப்படிப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு. உன்னைத் தனியா விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஆர்லன் கோபமே இல்லாமல் சொன்னான்.

"நீ நல்லவ மார்லிஸ். அவனுக்காக நீ இன்னும் எத்தனை வருஷம் மன்னிப்பு கேட்டுக்கிட்டிருப்ப?"

"இது அவன் எழுதினது, ஆர்லன். என் கையில இருக்கு."

"சரிம்மா" என்றான், குழந்தைக்குச் சொல்வதுபோல. ஓர்வில் அவன் கையைப் பிடித்து ஆட்டினான், தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். ஆர்லன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

சார்ஜரோடு வியாழக்கிழமை திரும்பி வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க் காலையே ஆர்லன் போய்விட்டான்.

மறுநாள், கணினி பழுது பார்க்கும் டோன்யா பேட்டரியைப் பிளந்து காட்டினாள். யாரோ பயன்படுத்தித் தள்ளிய பழைய செல்களைப் புது உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார்கள். சில்லு, தன்னுள் முன்பே எழுதி வைக்கப்பட்ட கொள்ளளவு எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீங்க நூறு தடவை செஞ்சிருந்தாலும் இது திருந்தியிருக்காது" என்றாள் ஆறுதலாக.

அது மார்லிஸுக்கு ஆறுதலாக இல்லை. அந்த நகராத எண்ணை அவள் பார்த்திருந்தாள். முள் நகராத தராசை அவள் ஒரு நாளும் விட்டு வைத்ததில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். ஆர்லனின் மகள் ஜோலீன் அவர்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்ததை மார்லிஸ் ஒன்றுவிடாமல் சொல்லி, மடித்து வைத்திருந்த சீட்டையும் காட்டினாள். ஜோலீன் இரண்டு முறை படித்தாள். அவள் கண் கலங்கியது.

"அப்பா எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு, சித்தி. சித்தப்பா ஏதோ சொல்ல ஆரம்பிச்சாராம், அப்புறம் மனசு வராம மெஷினை மூடிட்டாராம்."

ஓர்வில் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். மார்லிஸ் பின்னாலேயே போனாள். எஞ்சினைப் போடாமல் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.