கண்ணுக்குள்ள வேல செய்யற மாமா

போன வாரம் மாமா செத்துட்டாரு. அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. எங்க ஊரு பாக்கார் ஆராங்ல கடைங்களுக்கு போர்டு எழுதுவாரு, கோயில் சுவத்துல சாமி வரைவாரு. அவரு மோட்டர் சைக்கிள் பெட்டில சேப்புப் பெயிண்ட்ல 'கண்ணுள் வினைஞர்'னு எழுதி வச்சிருந்தாரு. என்னாண்ணே இதுன்னு யாராச்சும் கேட்டா போதும்.

"படம் வரையறவனுக்கு பழைய தமிழ்ல அதான் பேரு. பாக்கறவங்க கண்ணுக்குள்ள போயி தன் வேலைய நிலையா நிறுத்தி வச்சிட்டு வர்றவன்"னு நெஞ்ச நிமுத்திக்கிட்டு சொல்லுவாரு.

சின்னதுல அத கேட்டாலே எனக்குப் பயம். கண்ணுக்குள்ளயா? பிரஷ்ஷோடயா?

எனக்கு ஏழு வயசுல அம்மா போயிட்டாங்க. அதுக்கு முந்துன வருசந்தான் வீட்டுல வெள்ளத் தண்ணி ஏறி, இருந்த போட்டோவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. அம்மாவோட அடையாள கார்டு, அந்த ஐசிய, சாவு பதியப் போனப்ப பதிவு ஆபீஸ்ல வாங்கி வச்சிக்கிட்டாங்க. கருமாதிக்கு வைக்க ஒரு படம் இல்ல. நான் வரையறேன்னாரு மாமா.

என்னைய எதிர்ல உக்கார வச்சாரு. "அம்மா உன் கண்ணுக்குள்ளதான் இருக்கு பாப்பா. பாத்துப் பாத்து மாமாகிட்ட சொல்லு."

அவ்ளோதான். உள்ள இருக்கற அம்மாவ எடுத்து அட்டையில ஒட்டிட்டா எனக்கு என்னா மிஞ்சும்? ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டேன்.

"வலிக்காதுலா. பிரஷ்ஷு என்னா ஊசியா?"ன்னு சிரிச்சாரு. அது இன்னும் பயமா இருந்துச்சு.

அதனால பொய் சொன்னேன். அம்மாவுக்கு எடது கன்னத்துல மச்சம். வலதுன்னேன். சின்னக் கண்ணு. பெருசுன்னேன். நெஜ அம்மா எங்கிட்டயே இருக்கட்டும்னு. மாமா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்ச நேரம் என்னையே பாப்பாரு. மாட்டிக்கிட்டோம்னு எனக்கு மூத்திரமே வந்துரும் போல இருக்கும். அப்புறம் குனிஞ்சு நான் சொன்னபடியே வரைவாரு.

கருமாதி அன்னிக்கு படத்துக்கு மால போட்டாங்க. அப்பாவோட அக்கா, எங்க அத்த, கிட்ட போயி உத்துப் பாத்தாங்க.

"என்னா தம்பி, மச்சம் இந்தப் பக்கமாவா இருந்துச்சு?"

நான் அப்பா பின்னால போயி ஒளிஞ்சேன்.

"நாந்தான் மறந்து மாத்தி வச்சிட்டேங்க்கா"ன்னாரு மாமா. "புள்ள சரியாத்தான் சொல்லுச்சு."

"நல்லா வரைஞ்ச போ. கடை போர்டுன்னு நெனச்சிட்டியா?"ன்னு அத்த திட்டுனாங்க. மாமா தலைய குனிஞ்சிக்கிட்டு நின்னாரு. அப்பாடா, தப்பிச்சோம்னு நான் ரெண்டு கப்பு பாயாசம் குடிச்சேன். அம்மா இடுப்புலயே வளந்த மனுசன், அந்த முகத்த எப்படி மறப்பாருன்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல.