ரப்பர் விரல்கள்

சித்தூரில் தொழுநோயாளிகளுக்காகவே வாழ்ந்து முடித்த டாக்டரம்மாவைப் பற்றிப் படம் எடுத்தார்கள். நடிகர்களின் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை எனக்கு. அந்த டாக்டரம்மா கையால் குணமானவள் என் அம்மா. அந்தக் காலத்தில் எப்படிக் கட்டுப் போட்டார்கள் என்று காட்டச் சொல்லி அவளையும் வரவழைத்திருந்தார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா நோயாளியின் கையைப் பிடிக்கும் காட்சி. நோயாளியாக நடித்த பெண்ணுக்கு ஒட்டிய ரப்பர் விரல்கள், வியர்வையில் கழன்று கழன்று விழுந்தன. டைரக்டரின் பார்வை, அம்மா தன் கையை மறைத்திருந்த முந்தானைப் பக்கம் போனது. முகம் வராது, கை மட்டும்தான் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பதியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அம்மாவுக்கு வந்த நோயைப் பற்றி மாப்பிள்ளைக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அவரே பயந்துகொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று முழுக்கக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாளே அம்மா, அந்தப் பாடெல்லாம் எதற்கு? முடியவே முடியாது என்று சண்டை போட்டேன்.

அம்மா என்னைத்தான் பார்த்தாள். "டாக்டரம்மா ரப்பர் கையையாடி புடிச்சிக்கினு இருந்தாங்க?"

கேமரா ஓடியது. டாக்டரம்மாவாக நடித்தவள் அம்மாவின் விரலில்லாத கையைப் பிடித்தாள். நடிகையின் கை வெடவெடவென்று நடுங்கியது. பயம்தான், வேறென்ன? டைரக்டர் அசந்துபோய் ஓகே சொன்னார். படம் வந்ததும், என்ன நடிப்பு, என்ன கருணை என்று ஊரே அந்த நடுக்கத்தைப் புகழ்ந்தது. எனக்கு வாயில் நன்றாக வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எங்களையும் அந்தப் படத்துக்கே கூப்பிட்டார். மறுக்க வழியில்லை. திருப்பதி தியேட்டரில் அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். காட்சி நெருங்க நெருங்க நான் அம்மாவின் முந்தானையை இழுத்து இழுத்து மூடினேன். திரை முழுக்க அம்மாவின் கை வந்து நின்றது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றார்.

நான் தடுப்பதற்குள் அம்மா முந்தானையை விலக்கிக் கையை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

"அது என் கைதான் அண்ணி. டாக்டரம்மா புடிச்சப்ப அவங்க கை நடுங்கவே இல்ல."

அவர் திரையைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தக் கையைப் பிடித்தார். அவர் கையும் நடுங்கத்தான் செய்தது. படம் முடியும்வரை விடவில்லை.