வீட்டுக்கு வைத்த ஆறு செடி

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'சர்டிபிகேட்'. காய்கறி விவசாயிகளுக்கு எங்கே பயிற்சி நடந்தாலும் முதல் வரிசையில் மாமா இருப்பார். வாங்கிய ஏழு சான்றிதழ்களையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்வேன்.

எட்டாவது பயிற்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். என் வீட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒன்றாகக் காய்கறி விளைத்து, இடைத்தரகர் இல்லாமல் விற்பதற்கான பயிற்சி. அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மருந்து அடித்தால் பத்து நாள் பறிக்கக் கூடாது, அடித்த தேதியை வயல் ஓரத்துப் பலகையில் எழுத வேண்டும். பக்கத்துப் பள்ளிச் சமையல்கார அம்மா கடைசி நாளில் ஒரு தோட்டத்தைப் பார்க்க வருவார், பிடித்தால் ஒரு வருஷத்துக்கு எங்கள் காய்தான் என்றார்கள். எந்தத் தோட்டம்? மாமாவுடையதுதான், வேறெது.

அந்த அம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பு கத்திரிக்காயில் புழு விழுந்தது. மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை. மருந்து அடித்தார். தண்ணீர் சுமந்து கொடுத்தவன் நான். பலகையில் போன மாசத்துத் தேதி அப்படியே இருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதடா."

"நான் ஏன் சொல்றேன் மாமா," என்றேன்.

சமையல்கார அம்மா வந்தார். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் பின்னால் நடந்தோம். காய்கள் பளபளவென்று தொங்கின. அந்த அம்மா பலகையைப் படித்துத் தலையாட்டினார். நாளைக்கே அனுப்பச் சொன்னார். மாமா முகத்தில் எட்டாவது சான்றிதழ் வாங்கிய களை.

கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னால் கை கழுவப் போனவர், அங்கே நின்ற ஆறு கத்திரிச் செடிகளைப் பார்த்தார். இலையெல்லாம் ஓட்டை, காயெல்லாம் சொத்தை.

"இதை மட்டும் ஏம்மா இப்படி விட்டுட்டீங்க?"

அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னாள்: "அது வீட்டுக்கும்மா. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல."

மாமா தரையைப் பார்த்தார். அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால் தேவலாம். ஒரு சொத்தைக் காயைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையே குடுங்களேன். புழுவை நான் அரிஞ்சு எடுத்துக்கிறேன். மருந்தை எப்படி எடுக்கிறது?"

மாமாதான் பேசினார்.

"பலகையில இருக்கிறது பொய்ம்மா. அடிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது. வயல்ல இருக்கிறதை வாங்காதீங்க."

"இந்த ஆறு செடிக் காய் பத்தாதே. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு நான் என்ன சமைக்க? உங்களை நம்பி வேற எங்கயும் சொல்லலையே."

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். "நம்ம பன்னண்டு வீட்லயும் வீட்டுக்குன்னு வச்ச செடி இருக்குமில்ல? பறிச்சுட்டு வாங்க."

அந்தச் செடி இல்லை என்று சொன்னால் பொய். காயோடு வந்தால், இத்தனை நாள் ஊருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று விளைத்தோம் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். 'என்கிட்ட இல்லை' என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூடையோடு திரும்பினார்கள். வெண்டை, தக்காளி, சொத்தைக் கத்திரி. அந்த அம்மா ஒவ்வொரு கூடையையும் வாங்கித் தராசில் வைத்தார். ஒரு வருஷம் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கடைசியாகப் போனவன் நான். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய கூடை என்னுடையதுதான்.