டிப்போ வாசல் வேகத்தடை

எங்கள் தெருவில் குடியிருக்கும் பஸ் டிரைவர் இன்றுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் டிப்போ வாசல் வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம், யார் மேலேயோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வேலை முடிந்ததும் அங்கே குனிந்து ரோட்டைத் தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு வீடு வந்தவர் மறுபடியும் போவார்.

அவர் மனைவி எங்களுக்கெல்லாம் அக்கா. இவருக்கு வேறு தொடுப்பு இருக்கிறதோ என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அதிலிருந்து, "நீங்க உக்காருங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று தானே கிளம்ப ஆரம்பித்தாள். வந்து, "ஒண்ணுமில்லங்க" என்பாள். பாசம் இப்படித்தான் மனுசனைக் குட்டிச்சுவராக்கும். சற்று நேரத்தில் அவர், "நல்லாப் பாத்தியா?" என்று திரும்பவும் கேட்பார்.

கடைசியில் அவரைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல ஆலோசகர் அக்காவிடம் விளக்கினார். "பதற்றத்துல பல வகை இருக்கும்மா. சிலருக்குக் கூட்டத்தைக் கண்டா பயம். சிலருக்குத் திடீர்னு நெஞ்சை அடைக்கும். இவருக்கு ஓயாத சந்தேகம். போய்ப் பாக்கறதும், நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்றதும் அதுக்குத் தீனி போடற மாதிரி."

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "யார் மேலயும் ஏத்தலையே?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேர்த்து ஊற்றியது. அவளைக் கண்டபடி திட்டினார், அழுதார். பிறகு பதற்றம் தானாகவே அடங்கியது. தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்.

அக்கா வாசலில் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கடைக்கு."

கடை இடதுபக்கம். அக்கா டிப்போ இருக்கும் வலதுபக்கம் நடந்தாள்.