ஒன்பதாவது வரி

பருத்தித்துறைத் தேவாலயத்தில் முப்பத்தொரு வருடம் ஓர்கன் வாசித்த அற்புதராணியைப் பற்றிக் கேட்டால், ஊர் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்லும். பாடகர் குழுவில் ஒருவர் கொஞ்சம் பிந்திப் பாடினாலும் போதும், ஆராதனை முடிய வாசலில் வைத்துக் கிழி கிழியென்று கிழித்துவிடுவாள். போதகருக்கே பயம். ஆனால் அவளுடைய விரல்களை யாரும் குறை சொன்னதில்லை. கண்ணில் அழுத்த நோய் வந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சிய பிறகும் மூன்று வருடம் வாசித்தாள். விரலுக்கு எதற்குக் கண்? எண்ணத் தெரிந்தால் போதாதா?

புருஷன் கிளரன்ஸ் ஓய்வுபெற்ற தபால் அதிபர். பொறுமைக்கென்றே பிறந்த மனிதர். காலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்வார். ஒரு சங்கீதம், பேப்பரில் வந்த மரண அறிவித்தல்கள், பிறகு சும்மா கதை. "மழை வரப்போகுது ராணி, கொடியிலை கிடக்கிற உடுப்பை எடு" என்பதும் அதற்குள் கிடந்தது.

"பக்கத்திலை நான் இருக்க என்னத்துக்கு மிசினோடை கதைக்கிறியள்?" என்று அவள் எரிந்து விழுவாள். அவர் சிரிப்பார். தன் நெஞ்சு நெடுநாள் தாங்காது என்று மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

எல்லாம் கணினியில் நாலு போல்டர்களாகக் கிடந்தது. கேட்கும் வழியையும் அவரே பழக்கினார். வலது கிளிக்குக்கு விசைப்பலகையிலேயே ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் மெனு விரியும். கீழ் அம்பை ஒன்பது தரம் அழுத்தினால் பாட வைக்கும் வரி. பிறகு என்ரர் இரண்டு தரம், ஒன்று வரியைத் தெரிய, மற்றது குரலைத் தொடங்க. அவர் போய் இரண்டு வருடமாக, காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு அவள் ஒன்பது எண்ணினாள். அவர் கதைத்தார். மழை வரப்போகுது என்று அவர் சொன்னால், நல்ல வெயிலிலும் முற்றத்துக்குப் போய்க் கொடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

ஆவணியில் மகன் டிலான் கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தான். ஒழுகின குழாயைத் திருத்தினான், மின்விசிறியைத் துடைத்தான், கடைசி நாள் கணினியில் கை வைத்தான்.

"அம்மா, உதென்ன ரைட் கிளிக் மெனு, தேர்முட்டிச் சனம் மாதிரி நெரிஞ்சு கிடக்கு? பத்துப் பதினைஞ்சு வரி தேவையில்லாதது. எல்லாத்தையும் தூக்கிறன். குப்பைத்தொட்டியும் நிரம்பி வழியுது, அதையும் நிப்பாட்டிவிடுறன். இனி அழிச்சால் நேரே போயிடும்."

"செய் ராசா, செய்" என்றாள். ஓர்கனைத் தூசு தட்டினால் கட்டை இடம் மாறுமா என்ன? ஒன்பது என்றால் ஒன்பதுதான் என்று நினைத்தாள். தகப்பனுடைய போல்டர்களை அவன் தொடவேயில்லை. அந்தக் குரலைக் கேட்கிற தைரியம் அவனுக்கு இன்னும் வரவில்லை. அவளும், மகன் இருந்த நாட்களில் வெட்கத்தில் அதைப் போடவில்லை.

அவன் விமானம் ஏறின மறுநாள் காலை, மூன்று கிழமைப் பசியோடு போய் உட்கார்ந்தாள். ஒன்பது எண்ணினாள். என்ரர், என்ரர். சத்தமில்லை. "கிழட்டு விரல், எண்ணத் தெரியாதோ உனக்கு?" என்று தன்னையே ஏசிவிட்டுத் திரும்ப எண்ணினாள். பிறகும் எண்ணினாள். நாலாம் தரமும் ஒன்றும் கேட்காததால், பஸ் நிலையத்தடியில் கணினிக்கடை வைத்திருக்கும் நதானியேலைக் கூப்பிட்டாள்.

நதானியேல் பார்த்தார். மெனுவை விரித்து, விரலால் வரி வரியாக எண்ணினார்.

"என்ன தம்பி?"

"அன்ரி... நடுவிலை கன வரியை எடுத்திருக்கினம். பாட்டு வரி மேலை மூண்டாவதுக்குப் போட்டுது. இப்ப ஒன்பதாவது..."

"ஒன்பதாவது என்ன?"

"அழிக்கிற வரி. முதல் என்ரருக்கு அழிக்கட்டோ எண்டு கேட்டிருக்கும். இரண்டாவது என்ரர், ஓம் எண்டு சொன்ன மாதிரி."

ஐயோ, தன் கையாலேயே! ஒன்று அழிய அடுத்தது வந்து நிற்க, ஒவ்வொரு தரமும் ஒரு போல்டர். நாலு தரம், நாலும். பிள்ளையைப் போல எண்ணி எண்ணி அழித்திருக்கிறாள்.

நதானியேல் கணினியைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் மாரடித்தார். இந்த வகை டிஸ்க்கில் அழித்தது அழித்ததுதான் என்று திரும்பி வந்து சொன்னார். அவள் ஏசவில்லை. ஏசாத அற்புதராணியை அவர் அன்றுதான் கண்டார். "என்ரை மகனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டிலான் போன் எடுத்தான்.

"மெனு இப்ப லேசோ அம்மா?"

"ஓம் ராசா. நல்ல லேசு."

"அம்மா, இப்பதான் எனக்கு மனம் வந்திருக்கு. அப்பான்ரை குரலை ஒருக்காக் கேக்கவேணும். நதானியேல் அண்ணையைக் கொண்டு அந்தப் போல்டர்களை எனக்கு அனுப்புவியளே?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். உண்மையைச் சொன்னால் அவன் உயிருள்ளவரை, வரிகளை எடுத்த தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுவான்.

"தரமாட்டன்" என்றாள். "அது எனக்குப் பதிஞ்சது. ஒருத்தருக்கும் தரமாட்டன்."

"என்னம்மா இது கசவாரத்தனம், குரலுக்குமோ கஞ்சத்தனம்? எனக்கும் அவர் அப்பாதானே?"

"தரமாட்டன் எண்டால் தரமாட்டன்."

அவன் கோபித்துக்கொண்டு வைத்தான். கோபிக்கட்டும். கோபம் ஆறும், மற்றது ஆறாது. அற்புதராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே மழை தூறத் தொடங்கியது. கொடியில் உடுப்புக் கிடந்தது. எடு என்று சொல்ல ஆளில்லை.