சிவலைக்கு இன்னும் பல் விழவில்லை

சீனி வருத்தம் வந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டுக் குசினியில் எனக்கு வாக்குரிமை இல்லை. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மனைவி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். போன கிழமை யாரோ சொன்னார்கள் என்று கொள்ளு வாங்கி வந்து, ஊறப்போட்டு, உப்புக்கூடப் போடாமல் அவித்து, ஒரு கோப்பை நிறைய என் முன்னால் வைத்தாள்.

"இது குதிரைச் சாப்பாடெல்லோ" என்றேன்.

"குதிரைக்குச் சீனி வருத்தம் வாறேல்லைத்தானே. சாப்பிடுங்கோ."

கரண்டியைக் கையில் எடுத்தேன். ஆனால் கோப்பையிலிருந்து எழுந்த ஆவி முகத்தில் பட்டதும் சாப்பிட முடியவில்லை. ஈர மண்ணும் நனைந்த சாக்கும் கலந்தது போன்ற அந்த மணம். உருசி பிடிக்கவில்லை என்று மனைவி நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன அதே வருடம். எனக்கு இருபத்து நான்கு வயது. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. ஆங்கிலம் பேசுவேன், தட்டச்சு அடிப்பேன், தலைக்கு எண்ணெய் வைத்து நடுவகிடு எடுப்பேன். இந்த மூன்றும் இருந்தால் உலகத்தில் எதையும் சாதிக்கலாம் என்று நம்பியிருந்தேன். உள்துறைமுகத்தை ஒட்டி ஒரு வெளி இருந்தது. அங்கே கடற்படை அதிகாரிகள் சிலர் சேர்ந்து குதிரைச் சவாரிக் கழகம் ஒன்று நடத்தினார்கள். ஒன்பது குதிரைகள், தகரக் கூரை போட்ட ஒரு லாயம், வேலிக்குள் ஓர் ஓட்டத்தரை. வேலை முடிந்து பின்னேரத்தில் போய்க் கழகத்தின் கடிதங்களை அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதிகாரிகள் கப்பலில் போய்விடும் நாட்களில் குதிரைகளை நடக்கவிட ஆள் வேண்டுமே? அப்படித்தான் ஏறப் பழகினேன். முதல் மாதம் முழுவதும் அலுவலகத்தில் கதிரையில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே தட்டச்சு அடித்தேன். பிறகு உடம்பு படிந்துவிட்டது. நன்றாகவே ஓட்டினேன் என்று சொன்னால் தற்பெருமையாகத் தெரியும், ஆனால் உண்மை.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம். என்னிலும் நாலைந்து வயது மூத்தவர், ஆகவே நான் காசிம் நானா என்பேன். அவர் என்னைக் கிளாக்கர் என்பார். யுத்த காலத்தில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய், அப்படியே குதிரையோடு ஒட்டிக்கொண்டவர். வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்குப் போவார். மற்ற நாட்களில் லாயத்திலேயே படுக்கை. குதிரை இரும, இவர் எழும்புவார். ஆங்கிலம் தெரியாது. துரைமார் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன்.

சிவலை அந்த லாயத்திலேயே பிறந்தவள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெட்டைக் குதிரையின் குட்டி. துரைமார் அவளுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்து எழுதியிருந்தார்கள், அது யாருடைய வாயிலும் நிற்கவில்லை. செம்மண் நிறமாக இருந்ததால் காசிம் நானா சிவலை என்றார், எல்லோருக்கும் அதுவே பெயரானது. அவள் பிறந்தபோது இருந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவளுடைய சரியான வயது தெரிந்தவர்கள் கடைசியில் இரண்டே பேர்தான். ஒன்று காசிம் நானா, மற்றது நான்.

குதிப்பதற்கென்றே பிறந்தவள் போல இருந்தாள். முதுகில் ஆள் இல்லாமல் ஓட்டத்தரையில் விட்டால், தரையில் கிடக்கும் தென்னங்குற்றியைத் தானாகத் தேடிப்போய்த் தாண்டுவாள். தாண்டிவிட்டுத் திரும்பி எங்களைப் பார்ப்பாள், கைதட்டுகிறோமா என்று. நான் கைதட்டுவேன். காசிம் நானா தட்டமாட்டார்.

"வெறும் முதுகோட பாயுறது விளையாட்டு கிளாக்கர். ஆள ஏத்திக்கிட்டுப் பாயுறது வேல. வேலைக்கு இன்னம் வயசு காணா."

"நல்லாப் பாயுறாளே நானா."

"மனசு பாயுது. எலும்பு இன்னம் முத்தல்ல."

அவளுடைய கீழுதட்டை விரலால் இறக்கிக் காட்டுவார். நடுவில் இரண்டு புதுப்பல், பெரிதாக, மஞ்சளாக. இரண்டு பக்கமும் பால்பல், அரிசி போல. "இந்தப் பக்கத்துப் பல்லு ரெண்டும் விழட்டும். அதுக்குப் பொறகு ஒரு மாரி போகட்டும், தரை இளகட்டும். அப்ப ஏறுங்க, நானே புடிச்சு ஏத்திவிடுறன்." அவளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பியிருக்கவில்லை.

கழகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு கொமாண்டர். பெயர் வேண்டாம், துரை என்றே சொல்கிறேன். கெட்ட மனிதர் அல்ல. கப்பலைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் குதிரையைப் பற்றித் தெரியாதவர், அந்தக் குறை தனக்கே தெரியும் என்பதால் கேட்டு நடப்பவர். துறைமுகத்தை விட்டுப் போகுமுன் பிரியாவிடையாக ஒரு குதிரைப் போட்டி வைக்க அவர் தீர்மானித்தார். ஆவணி மாதம். கச்சான் காற்று ஊதி ஊதிப் புல்லெல்லாம் கருகி, தரை கருங்கல்லாகக் கிடந்த காலம். சிவலை சின்ன உடம்புக்காரி, துரைமார் எல்லோரும் பாரம். "நீ மெலிந்தவன். அவள் தயாராக இருந்தால் நீ ஏறலாம்" என்றார் என்னிடம்.

அதுவரை அந்தக் கழகத்தின் போட்டிகளில் எங்கள் ஆள் ஒருவரும் ஏறியதில்லை. கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பதோடு சரி. துரை "தயாராக இருந்தால்" என்று சொன்னது என் காதில் விழவேயில்லை. அன்றைக்கே தையற்காரரிடம் போய்ச் சவாரிக் காற்சட்டைக்கு அளவு கொடுத்தேன். அவர் அப்படியொன்றைத் தைத்ததில்லை. ஒரு பழைய படத்தைப் பார்த்துத் தைத்தார். இரண்டு தொடையிலும் தலையணை கட்டியது போல வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, என்னை நானே ஒரு ஜெனரல் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் பொறி வேலை பார்த்த என் ஐயா, அதாவது அப்பா, தன் கூட்டாளிமாருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் துரை லாயத்துக்கு வந்தார். சிவலையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். பிறகு காசிம் நானாவின் முகத்தைப் பார்த்து, என்னிடம், "இவரைக் கேள். இவள் ரெடியா?" என்றார்.

நான் கேட்டேன். காசிம் நானா என்னைப் பார்க்கவில்லை, துரையைப் பார்த்தே சொன்னார்.

"இன்னம் இல்ல எண்டு சொல்லுங்க. பக்கத்துப் பல்லு விழல்ல. தரையும் கல்லு மாதிரிக் கிடக்கு. இப்ப பாஞ்சா காலு போயிடும். மாரிக்குப் பொறகு பாப்பம்."

எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. இரண்டு நொடி இருக்கலாம்.

"ரெடி, சேர்" என்றேன். "நாலு வயது முடிந்துவிட்டதாம்."

துரை சிரித்து, காசிம் நானாவின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். காசிம் நானா என்னைப் பார்த்தார். குனிந்து கொள்ளு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள், துரை ஏறச் சொல்லிவிட்டார் என்று காசிம் நானாவிடம் சொன்னேன். அதிலே பொய் இல்லை, பாருங்கள். அவர் சேணத்தைப் போட்டு, வாரை வழமையிலும் இரண்டு தரம் கூடுதலாகச் சரிபார்த்து, என்னை ஏற்றிவிட்டார்.

போட்டியன்று ஆறு தடைகள். வெள்ளை பூசிய கம்புகள், பனங்குற்றி, கடைசிக்கு முந்தியது எண்ணெய்ப் பீப்பாக்கள். முதல் நாலையும் அவள் தாண்டியதை நான் எப்படிச் சொல்ல? என் தொடைக்குக் கீழே ஓர் அலை எழுந்து எழுந்து இறங்கியது போல இருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஐயாவின் குரல் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. இதை மறைத்தால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை. பீப்பாக்களையும் தாண்டிவிட்டாள். தரையில் முன்கால் ஊன்றியபோது காய்ந்த கொம்பு முறிவது போல ஒரு சத்தம்.

அவள் விழவில்லை. என்னையும் விழுத்தவில்லை. மூன்று காலில் நின்றாள். நான் இறங்கியதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கைதட்டுகிறோமா என்று பார்ப்பாளே, அதே பார்வை.

குதிரைக்குக் கால் முறிந்தால் ஒரே வைத்தியம்தான். லாயத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கண்ணுக்குச் சாக்கு மூட வந்தவரைக் காசிம் நானா விலக்கிவிட்டுத் தானே கயிற்றைப் பிடித்தார். நெற்றியோடு நெற்றியை வைத்து, "நில்லு மகள், நில்லு" என்றது எனக்குக் கேட்டது. பிறகு வெடிச் சத்தம்.

துரையின் முகம் சிவந்து கிடந்தது. "கேள் அவனை. ஏன் இவள் ரெடி என்று என்னிடம் சொன்னான்?"

இந்த இடத்தில்தான் என்னை நான் முழுதாக அறிந்துகொண்டேன். காசிம் நானாவின் பக்கம் திரும்பி நான் கேட்டது இது:

"காலையில அவளுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள் எண்டு துரை கேக்கிறார்."

"புல்லும் கொள்ளும்" என்றார் அவர். சட்டையெல்லாம் இரத்தம்.

நான் துரையிடம் சொன்னேன்: "தன்னுடைய பிழை என்கிறார், சேர்."

சிவலையை லாயத்துக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் கழகம் கலைந்தது. குதிரைகள் கொழும்புக்குப் போயின. வேலையாட்களுக்குத் துரை நற்சான்றிதழ் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு கொழும்பில் பந்தயக் குதிரை லாயங்களில் வேலை எடுக்கலாம். துரை சொல்லச் சொல்ல அடித்தவன் நான். காசிம் நானாவின் கடிதத்தில் கடைசி வரி: நேர்மையான உழைப்பாளி, ஆனால் குதிரையைப் பற்றிய இவருடைய கணிப்பை நம்ப முடியாது. இரண்டு தரம் துணிந்து பேச்சை மாற்றிய நான், அன்றைக்கு மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

"என்ன எழுதிக் கிடக்கு கிளாக்கர்?" என்று கேட்டார் அவர்.

"உங்களைப்போலக் குதிரை தெரிஞ்ச ஆள் இலங்கையில இல்லையெண்டு எழுதியிருக்கு."

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதை நான் சொல்லாமல் இல்லை. "பொய் சொன்னேன், சுவாமி" என்று இரண்டு சொல்லில் சொன்னேன். அவரும் பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல் என்று சுருக்கமாக முடித்துவிட்டார். முழுக்கதையும் சொல்லியிருந்தால் என்ன கொடுத்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

பதினைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அப்போது நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அந்த வேலையாகத் தோப்பூருக்குப் போனேன். சந்தையில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நின்றது. மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கையைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. தாடி நரைத்திருந்தது. எட்டத்தால் போயிருக்கலாம். கால் அவர் பக்கம் போனது.

"கிளாக்கர்!" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனார். கலியாணம் கட்டியது தோப்பூரிலாம், நாலு பிள்ளைகளாம், மாமனாரின் வயலைச் செய்கிறாராம். கொழும்புக்குப் போகவில்லையா என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"போனன். மூணு லாயத்துக்குப் போனன். கடிதத்தக் குடுத்தா வாசிப்பாங்க, திருப்பித் தருவாங்க. மூணாவது எடத்தில ஒரு மனிசன் எரக்கப்பட்டு வாசிச்சுச் சொன்னாரு."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன், இனிச் சொல்லாவிட்டால் ஒருபோதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால்.

"நானா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் மாத்திச் சொன்னனான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். பத்து வருசத்துக்கு மேல வெள்ளக்காரனோட இருந்தவன், ரெடி எண்டு சொன்னா வெளங்காதா?"

"அப்ப ஏன் நானா துரையிட்டச் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லையா என்று பார்ப்பது போல.

"சொல்லலாம். ஆனா அத யாரு இங்கிலீசில சொல்லுற? நீங்கதானே."

தேத்தண்ணிக் காசை அவரே கொடுத்தார். நான் எவ்வளவு மறித்தும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டியில் ஏறுமுன், "சிவலைட பேர இப்பவும் சில நேரம் கூப்பிட்டுருவன், மாட்டப் பாத்து" என்றார். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டது என்று கிண்ணியாப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

அந்த வெளி இப்போது இல்லை. ஓட்டத்தரை இருந்த இடத்தில் வீடுகள், ஒரு பல்பொருள் கடை, கால்பந்து விளையாட எஞ்சிய ஒரு துண்டு நிலம். லாயத்துத் தகரத்தை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் ஒரு குதிரையும் இல்லை. இந்தப் பக்கம் குதிரை நின்றது என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன வருடம் அங்கே வீடு கட்டிய என் அலுவலகக் கூட்டாளி ஒருவர், கிணறு வெட்டும்போது பெரிய எலும்புகள் வந்தன என்று சொன்னார். நல்ல நீளமான கால் எலும்பாம்.

"பழைய மாட்டெலும்பாக்கும். கடலுக்கை எறிஞ்சுபோட்டம்" என்றார்.

"ஓம், மாடாத்தான் இருக்கும்" என்றேன்.