மரச்சீனி விளைக்குள் ஒரு மைக்செட்

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களுக்கு இருந்த ஒரே மைக்செட் என்னுடையது. கோயில் கொடைக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் அதுதான். மாமனார் எனக்குப் பெண் கொடுத்ததே அந்தச் செட்டை நம்பித்தான். "செட்டு போச்சுண்ணா நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன்" என்று கல்யாணமான வாரமே மனைவி சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல.

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிறவர்கள் பெருங்கடவிளைப் பக்கம் ஒரு கூட்டம் அறிவித்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில், சேரக்கூடாது என்கிறவர்களும் அதே சாயங்காலம் அடுத்த மைதானத்தில் அறிவித்தார்கள். இரண்டு தலைவர்களும் என்னைத் தேடி வந்தார்கள்.

"எலே, அவனுவளுக்குக் குடுத்தியோ, செட்ட ஒடச்சிருவோம் ஆக்கும்" என்றார் முதலாமவர்.

இரண்டாமவர் அன்பானவர். "செட்டு அங்ஙோட்டு போயால் பின்னெ அதைக் காணூல்லா மக்கா" என்றார்.

இருவரிடமும் சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

இரண்டு மைதானங்களுக்கும் நடுவே மரவள்ளிச் செடி ஆளுயரம் நிற்கும் மரச்சீனி விளை. ஆம்ப்ளிபயரையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்து உட்கார்ந்தேன். இரு பக்கமும் ஒயர் இழுத்து, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு குழாய் ஸ்பீக்கர். நடுவே நானே மரக்கட்டையில் செய்த சுவிட்ச். கைப்பிடியை மேலே தள்ளினால் கிழக்குக் கூட்டம் பேசும், கீழே தள்ளினால் மேற்கு. "செட்டு சூடாவும், எடைக்கிடைக்கு ஆற விடணும்" என்று இரு தரப்பிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அருமையாகத்தான் நடந்தது. ஆனால் தாங்கள் பேசும்போதெல்லாம் எதிர்த்தரப்பு ஸ்பீக்கர் ஊமையாவதைத் தலைவர்கள் கவனித்துவிட்டார்கள். "பதில் சொல்ல வாயில்ல, பாத்தீளா" என்று கிழக்கே இருந்த தமிழ்த் தலைவர் சொல்ல, ஒரே கைதட்டல். சற்றுப் பொறுத்து மேற்கேயும் அதே பேச்சு, அதே கைதட்டல்.

பிறகு சுவிட்சின் செம்புத் தகடு ஒடிந்து தொலைந்தது. பதற்றத்தில் எல்லா ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். இரண்டு மைக்கும் இரண்டு ஸ்பீக்கரிலும் பேச ஆரம்பித்தன. தன் ஸ்பீக்கரிலேயே எதிரியின் குரலைக் கேட்ட தமிழ்த் தலைவர் கோபம் தலைக்கேறி மலையாளத்தில் திட்டினார். மற்றவர் சுத்தமான தமிழில், அப்பன் பாட்டன் ஒருவரையும் விடாமல் திருப்பித் திட்டினார். எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியாத சனம் இருவருக்கும் கைதட்டியது.

கடைசியில் இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே விளைக்குள் வந்தார்கள். மரச்சீனியை விலக்கினால் நான். ஆம்ப்ளிபயரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். "இது இல்லேண்ணா எனக்குப் பெண்டாட்டி இல்ல" என்று சொல்லி அழுதேன். இருவரும் குடும்பஸ்தர்கள், அதைத் தொடவில்லை. "இனி இதுல அவன் பேசப்பிடாது" என்று ஆளுக்கொரு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆம்ப்ளிபயரைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன். செட்டு போச்சு என்ற சங்கதி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "செட்டு உண்டு பாத்துக்கோ" என்று வாசலில் இறக்கினேன். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"அப்போ செட்டு போவல்ல, இல்லியா?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு உள்ளே போய், கட்டி வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.